கத்தி யார் கையில் இருந்தது

பழைய குடும்பப் படங்களில் தாத்தாக்களின் கன்னங்களைக் கவனித்திருக்கிறீர்களா? மீசை முறுக்கியிருக்கும், காதில் கடுக்கன் இருக்கும், கன்னமும் முகவாயும் மட்டும் மழமழவென்று இருக்கும். மூலைக் கடையில் பிளேடு வாங்க முடியாத காலம் அது. ஆளுயரக் கண்ணாடி என்பது பல வீடுகளில் யாரும் பார்த்தே இராத பொருள். பிறகு அந்த வழுவழுப்பு எங்கிருந்து வந்தது?

சவரக்கத்தியைப் பற்றி இன்று ஆசையோடு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் கதையையோ அமெரிக்காவின் கதையையோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா காலையில் கண்ணாடிமுன் நின்று கத்தியைத் தோல்வாரில் தேய்ப்பார், மகன் வாசற்படியில் நின்று பார்ப்பான், ஒருநாள் அந்தக் கத்தி மகன் கைக்கு வரும். அழகான கதைதான். ஆனால் நம் தாத்தாக்களுக்கு அது பொருந்தாது. கிராமத்தில் வாழ்ந்த தாத்தாக்களில் பெரும்பாலோர் தம் முகத்தில் தாமே கத்தி வைத்தவர்கள் இல்லை. கத்தி இன்னொருவர் கையில் இருந்தது. தாத்தாவின் சவரத்தை நினைவுகூரும் நாம் அந்தக் கைக்குரியவரை மறந்துவிட்டோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

என் தாத்தாவின் ஊர் திருவையாற்றுக்குப் பக்கத்தில். அங்கே சவரம் நடந்த இடம் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடி. செவ்வாயும் வெள்ளியும் கத்தி வீட்டுப்பக்கம் வராது, அமாவாசையன்றும் வராது. மற்ற நாள்களில் விடிந்து சற்று நேரத்தில் நாவிதர் அடப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தத் தோல்பையில் கத்திகள், கத்தரிக்கோல், நகம் வெட்டும் சிறு உளி, பித்தளைக் கிண்ணி, வழவழப்பான ஒரு கல், ஒரு துண்டுத் தோல், கைக்கண்ணாடி, படிகாரம் எல்லாம் இருந்தன. ஒரு மருத்துவமனையையே சுருட்டி வைத்ததுபோல அவ்வளவும் ஒரு பைக்குள்.

நாற்காலி கிடையாது. தாத்தா ஒரு மணைமீது உட்கார, நாவிதர் எதிரே குத்துக்காலிட்டு அமர்வார். இருவர் முழங்கால்களும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சோப்பு அந்த வீட்டில் அப்போது வந்துவிட்டிருந்தது. ஆனால் அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. கிண்ணித் தண்ணீரை விரல்களால் தொட்டுத் தொட்டு, கன்னம், முகவாய், தாடையின் அடிப்பகுதி என்று நிதானமாகப் பிசைந்துவிடுவார். வெறும் தண்ணீர்தான். நுரை செய்கிற வேலையை அவர் விரல்கள் செய்தன. மயிர் தண்ணீரை உறிஞ்சி இளக இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும் என்பதும், அந்த அவகாசம் கொடுக்காமல் கத்தி வைத்தால் எவ்வளவு நல்ல கத்தியும் இழுக்கும் என்பதும் பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அவருக்கு அது விரல் நுனியில் இருந்தது. தாத்தாவின் கண்கள் தாமே மூடும்வரை பிசைவார். அதன்பிறகுதான் கத்தியைத் திறப்பார்.

இங்கே கத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் அமைப்பு தெரியாவிட்டால் அந்தக் கையின் அருமையும் தெரியாது.

அரிவாள்மனையையோ காய்கறிக் கத்தியையோ தீட்டும்போது எந்தச் சாய்வில் கல்லில் வைப்பது என்பதைக் கை முடிவுசெய்ய வேண்டும். சவரக்கத்தியில் அந்தச் சாய்வு கத்தியின் உடம்பிலேயே இருக்கிறது. தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்கவைத்தால் போதும். முதுகின் கனமும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானித்துவிடும். பொதுவாக அது 16, 17 பாகை அளவில் இருக்கும். தீட்டத் தீட்ட விளிம்போடு முதுகும் சேர்ந்து தேய்வதால் பல ஆண்டுகள் ஆனாலும் அந்தச் சாய்வு பெரிதாக மாறாது. இந்த அமைப்பை முதலில் கண்டவர் யாரென்று வரலாற்றில் இல்லை. கண்டவர் பெரிய அறிவாளி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கல்லில் தீட்டும்போது விளிம்பு முன்னே போக வேண்டும். தோலில் தேய்க்கும்போது முதுகு முன்னே போக வேண்டும், விளிம்பு பின்னால் இழுபட்டு வர வேண்டும். வாரின் முனைக்கு வந்ததும் விளிம்பைத் தூக்கி, முதுகைத் தோலைவிட்டு எடுக்காமல் அதன்மேலேயே கத்தியைப் புரட்டி, திரும்ப வர வேண்டும். புரட்டும் இடத்தில் கை தவறினால் தோல் கிழியும், விளிம்பு மழுங்கும், அன்றைய சவரம் கெடும். கல் எப்போதாவது ஒருமுறைதான். தோல் ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால். ஒரு முறை மழித்தாலே விளிம்பின் கண்ணுக்குத் தெரியாத முனை இங்கும் அங்கும் சாய்ந்துவிடுகிறது. தோல் அதை நிமிர்த்தி வழவழப்பாக்குகிறது. கூர்மை என்பது ஒருமுறை கடையில் வாங்கி வைத்துக்கொள்கிற பொருளாக அன்று இருக்கவில்லை. காலைதோறும் அதை உண்டாக்க வேண்டியிருந்தது.

எங்கள் நாவிதர் தோல்வாரை எங்கும் கட்டித் தொங்கவிட்டதில்லை. ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, மறுமுனையை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கையால் கத்தியை விடுவார். போகும்போது ஓர் ஓசை, வரும்போது ஓர் ஓசை. ஓசை மாறும்போது நிறுத்திவிடுவார். பிறகு கட்டைவிரல் நகத்தின்மேல் விளிம்பை மெல்ல வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி தோலுக்குப் போகும். நகத்தில் தயங்கி நின்றால் முகத்துக்கு வரும்.

மழிக்கும்போது அவர் இடக்கைதான் அதிகம் உழைத்தது. காதோரத்தில் கத்தி இறங்கும்முன் நெற்றிப்பொட்டுப் பக்கம் தோலை மேலே இழுத்துப் பிடிப்பார். மேலுதட்டுக்கு வரும்போது இரு விரல்களால் மூக்கு நுனியைச் சற்றே தூக்குவார். தாத்தா மூச்சை அடக்கிக்கொள்வார். முகவாய்க் குழியில் கத்தியின் முனையை மட்டும் கொண்டு சின்னச் சின்னதாக எடுப்பார். மழித்த மயிரையும் ஈரத்தையும் தம் இடது முன்கையிலேயே வழித்துக்கொள்வார். கடைசியாகத் தொண்டை. தாத்தா தலையைப் பின்னால் சாய்த்து, குரல்வளை முழுவதும் வெயிலில் தெரிய உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் கொல்லையில் யாரும் பேசமாட்டோம்.

அந்தக் குரல்வளையை அப்படி நம்பி ஒப்படைத்த வீடு, அந்த மனிதரைத் திண்ணையில் உட்காரவிட்டதில்லை. வாசல் வழியாக அவர் வந்து நான் பார்த்ததில்லை; சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, சந்து வழியாகவே போவார். என்னைவிட அறுபது வயது மூத்தவரை, ஊர்ச் சிறுவர்கள் எல்லாரும் பெயர் சொல்லி ‘வா’, ‘போ’ என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களைச் ‘சின்னையா’ என்றார். சவரம் முடிந்ததும் தாத்தா குளித்த பின்பே வீட்டுக்குள் வருவார். கூலி காசாக இல்லை. அறுவடைக் களத்தில் வண்ணார், தச்சர், கொல்லர் ஆகியோரோடு நின்று அவர் பங்கு நெல்லைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தின் எல்லா ஆண்களுக்கும் செய்த வேலைக்கு, களத்தில் அளப்பவர் கை தாராளமாக இருந்தால் நிறைய, இல்லாவிட்டால் குறைய. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவர் சவரம் செய்யாமல் இருக்க முடியாது. நெல்லைக் கேட்கவும் முடியாது.

அதே அடப்பம்தான் ஊருக்குச் சிகிச்சைப் பையாகவும் இருந்தது. கட்டி கீறுவது, முள் எடுப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் அவர் வேலை. அவர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊரின் பிரசவங்களைப் பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயரே அந்தச் சமூகத்துக்கு உண்டு. குழந்தை பிறந்தால் அவர் குடும்பம் வேண்டும், முதல் முடி இறக்க அவர் வேண்டும், கல்யாணத்துக்கு முந்தைய சவரத்துக்கு அவர் வேண்டும், செத்தால் கருமாதிக்கு அவர் வேண்டும். இத்தனைக்கும் வேண்டியவர் இரவுச் சாப்பாட்டுக்கு எதைச் செய்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கத்தி ஊரின் எல்லா முகங்களுக்கும் போகவில்லை. சேரி மக்களுக்குச் சவரம் செய்யக்கூடாது என்பது ஆதிக்கச் சாதிகளின் கட்டளை. மீறினால் நாவிதரின் பிழைப்புப் போகும். இந்த வழக்கம் பல ஊர்களில் முடி திருத்தகங்கள் வந்த பிறகும் தொடர்ந்தது. இந்த நூற்றாண்டிலும் இதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. பழைய சவரத்தின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

மேற்கில் கதை வேறு. அங்கும் நாவிதர்கள் இருந்தார்கள், கட்டியும் கீறினார்கள், பல்லும் பிடுங்கினார்கள். ஆனால் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து தாமே மழித்துக்கொள்ளும் வழக்கம் வசதியுள்ளவர்களிடையே பரவியது. அதற்குக் காரணம் எஃகு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், உலோகம் உருக்கும் மண்குடுவையான மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். சீரான எஃகு கிடைத்ததும் நம்பகமான சவரக்கத்தி கிடைத்தது. முதலில் ஆப்பு வடிவில் கனமாக இருந்த கத்திகள் 19-ஆம் நூற்றாண்டில் இருபுறமும் குழிவாகக் கடைந்த மெல்லிய கத்திகளாயின. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் அந்தக் குழிவை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். கன்னத்தில் ஓடும்போது அந்த மெல்லிய எஃகு ரீங்கரிக்கும். அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்க் கத்திகளில் பொறிக்கக்கூடாது என்று 1938-இல் ஜெர்மனியில் சட்டமே வந்தது. பணக்காரர்கள் வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு கத்திகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமையின் பெயரோடு. ஓய்வு கொடுத்தால் விளிம்பு தானே சீராகும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த எஃகுக் கதையில் நம் பக்கத்துக் கண்ணி ஒன்று உண்டு. மூசையில் உருக்கு செய்யும் கலை தென்னிந்தியாவில் ஹன்ட்ஸ்மனுக்கு வெகுகாலம் முந்தியது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இந்திய உருக்கின் மாதிரிகளை லண்டனுக்கு, ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைப் பயன்படுத்திப் பார்த்து, கூர்கருவிகளுக்கு அதற்கு நிகரில்லை என்று மெச்சினார். 1820-ஐ ஒட்டி அவரோடு சேர்ந்து அந்த உருக்கை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்துக்காக உலகம் அறிந்த அதே ஃபாரடேதான். எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் போன்றவற்றைக் கலந்து பார்த்தார்கள். அந்தக் கலவை எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். நம் ஊர்க் கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட அந்த ஆவணங்களில் ஏறவில்லை என்பதைப் படிக்கும்போது எனக்குக் கொல்லைப்புறச் சந்துதான் நினைவுக்கு வந்தது.

மேற்கில் கத்தியின் ஆட்சியை முடித்தவர் கிங் ஜில்லட். தீட்டவே வேண்டாத, தேய்ந்தால் எறிந்துவிடுகிற மெல்லிய பிளேடு அவர் யோசனை. அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினப்படுத்தும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்டார். 1903-இல் விற்பனை தொடங்கியபோது அந்த ஆண்டில் போனவை 51 சவரப் பிடிகளும் 168 பிளேடுகளும்தான். பிறகு முதல் உலகப் போர் வந்தது. முகத்தோடு இறுக ஒட்ட வேண்டிய நச்சுவாயு முகமூடிக்குத் தாடி இடைஞ்சல். பதுங்குகுழியில் கல்லும் தோல்வாரும் வைத்துக்கொண்டு கத்தி தீட்ட யாரால் முடியும்? அமெரிக்கப் படைக்கு மட்டும் சுமார் 35 லட்சம் ஜில்லட் பிடிகள் போயின. திரும்பி வந்த சிப்பாய்கள் புதுப்பழக்கத்தோடு வீட்டுக்கு வந்தார்கள்.

நம் ஊரில் அந்தப் பிடி முதலில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களிடமும் அலுவலகம் போகிறவர்களிடமும் தென்பட்டது. கொல்லைச் சவரம் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே வர, பஸ் நிறுத்தத்தை ஒட்டியும் கடைத்தெருவிலும் சலூன்கள் எழுந்தன. சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகப் பெரிய கண்ணாடிகள், நாளிதழ், வானொலி. அரசியல் பேசவும் பத்திரிகை படிக்கவும் சலூனுக்குப் போன தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. இந்த மாற்றத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். சலூனில் கூலி காசாக, கையோடு கையாக வந்தது. வாடிக்கையாளர் இவர் இடத்துக்கு வந்தார். சந்து வழியாக யாரும் போக வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று எழுதிப் பலகை மாட்டும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது.

சலூனிலும் கத்தி நெடுநாள் இருந்தது. நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கிய தோல்வாரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது எய்ட்ஸ் பற்றிய அச்சம். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில், ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை இன்னொருவருக்குப் பயன்படுத்தாதீர்கள் என்ற பிரச்சாரம் ஊர் ஊராகப் போனது. தொழிலாளர்கள் அதைச் சரியாகவே ஏற்றார்கள். பழைய கத்தியின் உருவத்தில், பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் பிடி வந்தது. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு. வாடிக்கையாளர் கண்முன்னே உறையைப் பிரித்து, ‘டக்’ என்று இரண்டாக ஒடிக்கும் ஓசை இன்று சலூனின் நம்பிக்கை ஓசை. உடல்நலத்துக்கு இது நல்லது, இதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கல்லும் தோலும் போனதோடு, விளிம்பை உண்டாக்கும் அறிவும் ஒரே தலைமுறையில் வேலையற்றுப் போனது.

எனக்கு அந்த அறிவைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. தஞ்சாவூரில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருந்த ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் கூரான கத்தியையே தரவில்லை. தோல்வாரையும், விளிம்பு போன பழைய கத்தி ஒன்றையும் கொடுத்துப் புரட்டச் சொன்னார். கை வேகம் எடுக்கும்போதெல்லாம், “தம்பி, ஓசையைக் கேளுங்கள்” என்பார். பிறகு கன்னம் மட்டும். வெகுநாள் கழித்தே முகவாய். மேலுதட்டுக்கும் தொண்டைக்கும் அவர் அனுமதி கிடைக்க இன்னும் தாமதமாயிற்று. “சவரம் செய்வது இடது கை, ஐயா. வலது கை கத்தியைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்” என்று அவர் சொன்னபோது, வேப்பமரத்தடியில் நான் பார்த்தவற்றுக்கெல்லாம் விளக்கம் கிடைத்தது. தோல் தளர்ந்திருந்தால் கத்தி குதிக்கும், இழுத்துப் பிடித்திருந்தால் வழுக்கிப் போகும். முகத்துக்கும் கத்திக்கும் இடையே சுமார் 30 பாகைச் சாய்வு. அதைவிடத் தாழ்ந்தால் மயிரை இழுக்கும், நிமிர்ந்தால் தோலைச் சீவும். அழுத்தம் அறவே கூடாது. மயிர் வளரும் போக்கிலேயே முதல் முறை, எதிர்ச்சவரம் வேண்டுமென்றால் மறுபடி நனைத்த பிறகு. முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரமுகத்தில் தேய்த்தால், எங்கெல்லாம் கத்தி அவசரப்பட்டதோ அங்கெல்லாம் சுரீரென்று எரியும். அந்த எரிச்சல்தான் மறுநாளுக்கான பாடம் என்பார். கத்தியைக் கழுவித் துடைத்து, ஈரம் போக உலரவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசித்தான் மடக்க வேண்டும்; பழைய எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

இதை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலை அவசரத்தில் ஓடுகிறவருக்குப் பிளேடு போதும். என் ஆதங்கம் வேறு. கோவில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, அங்கே மொட்டையடிக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. களத்து நெல்லை எதிர்பார்த்து நின்ற ஒரு வரிசையின் பேரப்பிள்ளைகளுக்கு மாதம் பிறந்தால் வரும் என்று ஒரு தொகை. மகிழ்ந்தேன். அவர்கள் பாட்டனார்களின் கைத்திறனைப் பதிவுசெய்ய மட்டும் யாரும் முன்வரவில்லை. நெசவுக்கும் சிற்பத்துக்கும் சிலம்பத்துக்கும் ஆவணம் எழுதுகிறோம். சவரக்கல்லைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய முடி திருத்துநர் யாராவது இருந்தால், ஒரு மாலைப்பொழுது போய் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் பிடித்த கத்தி கொல்லர் அடித்ததா, சீமையிலிருந்து வந்ததா? கல் எந்த ஆற்றில், எந்த மலையில் எடுத்தது? கல்லில் தண்ணீர் விட்டார்களா, எண்ணெய் விட்டார்களா? தோல் எந்த மாட்டின் தோல், அதைப் பதப்படுத்தியவர் யார்? யாரிடம் தொழில் கற்றார், முதல் முகம் யாருடையது? எந்த வீடுகளில் சந்து வழியாகப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள், அவர் சம்மதித்தால் ஒலிப்பதிவும் செய்யுங்கள். போகும்போது கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அவசரமாக வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, அவரிடமோ அவர் மகனிடமோ ஒரு சவரம் செய்துகொண்டு, அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.